படவிழாவும் சுயமரியாதையும்

(கடற்கரையூர் ஒன்றின் வாசகசாலை ஆண்டுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் சினிமா. சுயமரியாதைக்காரனுக்குச் சினிமாவில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நான் சினிமா பக்தன் அல்ல. நடிகர்களுடைய படத்துக்குக் குடம் குடமாகப் பால் ஊற்றுகிறவர்களைப் பார்க்கும்போது, கல்லுக்கு ஊற்றாதே என்று நாம் இத்தனை காலம் தொண்டை வறளக் கத்தியது, காகிதத்துக்கு ஊற்றுவதற்காகத்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. (சிரிப்பு).

ஆனால் இவ்வூர் வாலிபர்கள் செய்யப் போவது அந்தக் காரியமல்ல. வருகிற மாதம் மூன்று நாள் இரவு, இந்த மணலில் வெள்ளைத் துணி கட்டி, கொட்டகைக்கு வராத சிறு படங்களைக் காட்டுவதென்று தீர்மானித்திருக்கிறார்கள். ஜாதிக் கொடுமை, பெண்ணடிமை, கடலில் உழைப்பவன் பாடு, கோயில் பெயரால் நடக்கும் புரட்டு ஆகியவற்றை உள்ளது உள்ளபடி காட்டும் படங்களாம். இதைக் கேள்விப்பட்ட தனவந்தர் ஒருவர், "செலவு முழுவதும் நான் தருகிறேன். சிறந்த படத்துக்கு என் தகப்பனார் பெயரால் ஒரு கோப்பை கொடுங்கள். கோயில் சங்கதி பேசும் அந்த ஒரு படத்தை மாத்திரம் விட்டுவிடுங்கள்" என்று சொல்லியனுப்பினாராம். வாங்கிக் கொள்ளலாம் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியாரும் என்னிடம் வந்தார்கள். தனியாகச் சொல்லுவதைவிட ஊரார் நடுவில் சொல்லுவதே மேல் என்று இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

நம் அபிப்பிராயத்தைச் சொல்லுவதற்கு முன், இதே காரியத்தை வேறு கடற்கரைகளில் செய்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

முசோலினி கோப்பை

உலகத்தில் இன்றைக்கும் நடந்துவரும் படவிழாக்களில் மூத்தது இத்தாலி தேசத்து வெனிஸ் விழா. வெனிஸை அடுத்த லீடோ என்னும் கடற்கரைத் தீவில், ஒரு பெரிய ஹோட்டலின் திறந்தவெளி மாடியில் 1932-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அது தொடங்கிற்று. அந்த முதல் வருஷத்தில் பரிசு கொடுக்கும் நீதிபதிகள் கிடையாது. வந்து பார்த்தவர்களிடமே எது பிடித்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். யோக்கியமான ஏற்பாடுதான்.

ஆனால் ஹோட்டலும் சர்க்காரும் விழாவைத் தாங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சர்க்கார் முசோலினியின் சர்க்கார். இரண்டே வருஷத்தில், அதாவது 1934-ல், பரிசுக்கு "முசோலினி கோப்பை" என்று பெயர் வந்துவிட்டது. பெயர்தானே, வந்தால் என்ன என்று சிலர் நினைத்திருப்பார்கள். கேளுங்கள். 1937-ல் பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் என்பவரின் "லா கிராந்த் இல்யூஸியோன்" என்ற படம் வந்தது. "பெரும் மயக்கம்" என்று அதற்குப் பொருள். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் கைதியான பிரெஞ்சுப் போர்வீரர்களின் கதை. பிரபுவும், தொழிலாளியும், யூதனும் ஒரே சிறையில் கிடக்கிறார்கள். தேசத்துக்குத் தேசம் போட்ட எல்லைக் கோடு மனிதன் போட்டதே தவிர மண்ணில் இல்லை என்று காட்டுகிற படம். அதற்கு முசோலினி கோப்பை கிடைக்கவில்லை. வேறொரு பரிசைக் கொடுத்து ஒதுக்கினார்கள். பிறகு அப்படம் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் தடை செய்யப்பட்டது.

மறு வருஷம், 1938-ல், வெட்கத்தையும் விட்டார்கள். அவ்வருஷம் முசோலினி கோப்பையைப் பெற்ற படங்கள் இரண்டு. ஒன்று, ஹிட்லர் ஆட்சியில் பெர்லினில் நடந்த பந்தயங்களைப் பற்றி லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த "ஒலிம்பியா". மற்றொன்று, ஓர் இத்தாலிய விமானியைப் பற்றிய படம். அதை மேற்பார்த்தவர் யார் தெரியுமா? விட்டோரியோ முசோலினி. கோப்பையில் பெயருள்ளவரின் சொந்த மகன்! (வெட்கம்! வெட்கம்! என்ற குரல்கள்). அப்பன் பெயரால் பரிசு, மகன் படத்துக்குப் பரிசு. இதற்குப் பெயர் போட்டியா, சிரார்த்தமா? (சிரிப்பு). பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர், அமெரிக்கர் ஆகியோர் மனம் கசந்து வெளியேறினார்கள்.

ஆகவே கோப்பையில் பொறிக்கும் பெயர் வெறும் பெயரல்ல என்பது தெரிகிறது. அது வீட்டுப் பத்திரத்தில் எழுதும் பெயர் போன்றது. எழுதி முடிந்த மறுநாள் வீடு அவருடையது.

கேன்ஸ் பிறந்த கதை

வெனிஸிலிருந்து திரும்பியவர்கள் பிரான்சில், வெளியார் அதிகாரத்துக்கு உட்படாத விழா ஒன்று வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னின்ற மந்திரி ழான் ஸே என்பவர். 1936-ல் அவர் கல்வி மந்திரியானபோது வயது 31. பள்ளிக்கூடத்துக்குள் அரசியல் பிரசாரமும் மதப் பிரசாரமும் நுழையக்கூடாது என்று சுற்றறிக்கை விட்ட மனிதர் அவர். நம்மவர்கள் அவரை அறிந்துகொள்வது நல்லது. மத்தியதரைக் கடலோரத்தில் கேன்ஸ் என்ற ஊரைத் தேர்ந்தெடுத்து, 1939-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி விழா என்று நாள் குறித்தார்கள். அதே நாளில் ஹிட்லர் போலந்தின்மேல் படையெடுத்தான். விழா நின்றுபோயிற்று. ழான் ஸே சிறையில் தள்ளப்பட்டார். 1944-ம் வருஷம் ஜூன் 20-ந் தேதி, நாஜிகளுக்குக் கையாளாயிருந்த உள்நாட்டுக் கூலிப்படையினர் அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். தான் நாள் குறித்த விழாவை அவர் பார்க்கவேயில்லை.

யுத்தம் முடிந்து 1946-ல் முதல் விழா நடந்தது. அவ்வருஷம் பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களில் இந்தியப் படமும் ஒன்று. சேத்தன் ஆனந்த் எடுத்த "நீச்சா நகர்". மேட்டில் இருக்கும் பணக்காரன் தன் லாபத்துக்காகச் சாக்கடையைப் பள்ளத்தில் இருக்கும் ஏழைகளின் குடியிருப்புப் பக்கம் திருப்பிவிடுகிறான். கதை அவ்வளவுதான். அது நம் தேசத்தில் கதையா, தினசரி நடப்பா என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நல்ல எண்ணத்தில் பிறந்த விழாவாயிற்றே, அது கெடாமல் இருந்ததா? அதுதான் இல்லை. சர்வாதிகாரியை ஒழித்தார்களே தவிர, சர்க்கார்களின் பிடியை ஒழிக்கவில்லை. 1972 வரையில் எந்தப் படம் வருவது என்று தீர்மானித்தவை பெரும்பாலும் அந்தந்த தேசத்து அதிகாரங்களே. 1956-ல் அலேன் ரெனே என்பவரின் "இரவும் மூடுபனியும்" என்ற படம் வந்தது. நாஜிகள் மனிதர்களை அடைத்துக் கொன்ற முகாம்களைப் பற்றிய படம். நீளம் சுமார் 32 நிமிஷம். மேற்கு ஜெர்மனியின் தூதுவராலயம் ஆட்சேபித்தது. உடனே அப்படம் போட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களும் மற்றவர்களும் கூச்சல் போட்ட பிறகு, போட்டிக்கு வெளியே வைத்துக் காட்டினார்கள். முசோலினி கோப்பைக்கு எதிராகப் பிறந்த விழா, பத்தே வருஷத்தில் நாஜிகளின் கொலையைக் காட்டும் படத்தை ஒதுக்கும்படி ஆயிற்று! எதற்காக? தாட்சண்யத்துக்காக. பெரிய மனிதர்களின் மனம் நோகக்கூடாது என்பதற்காக.

தோழர்களே! "அந்த ஒரு படத்தை மாத்திரம் விட்டுவிடுங்கள்" என்று உங்களிடம் சொல்லப்பட்டதே, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எப்போதும் கேட்பது ஒரே ஒரு படத்தைத்தான். அந்த ஒன்றுக்காகத்தான் விழாவே வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் எந்தக் கொட்டகையிலும் கிடைக்கும்.

திரையைப் பிடித்து நிறுத்தினார்கள்

1968-ம் வருஷம் மே மாதத்தில் பிரான்ஸ் தேசம் முழுவதும் மாணவர்களும் தொழிலாளர்களும் கிளம்பினார்கள். ஆலைகள் நின்றன. கேன்ஸில் மட்டும் பட்டுடையும் விருந்துமாக விழா நடந்துகொண்டிருந்தது. கோடார், துருஃபோ முதலிய டைரக்டர்கள் இது அடுக்குமா என்று கேட்டார்கள். நீதிபதிகளில் சிலர் ராஜினாமாச் செய்தார்கள். படம் ஓடத் தொடங்கியதும் சிலர் மேடையேறி, திரைச்சீலை விலகாதபடி அதைப் பிடித்துத் தொங்கினார்கள். அந்தப் படத்தின் டைரக்டரான ஸ்பெயின் தேசத்துக் கார்லோஸ் ஸாவ்ராவும், அதில் நடித்த அம்மையாரும் அதில் சேர்ந்துகொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். தம் படம் ஓட வேண்டாம் என்று தாமே நிறுத்தினார்கள்! மே 19-ந் தேதி, குறித்த நாளுக்கு ஐந்து நாள் முன்னதாகவே விழா மூடப்பட்டது.

ஆனால் வெறுமனே நிறுத்துவதோடு அவர்கள் நிற்கவில்லை. அதே 1968-ல் டைரக்டர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். 1969 முதல் அதே ஊரில், அதே நாட்களில், தங்கள் சொந்த விழாவைத் தொடங்கினார்கள். "டைரக்டர்களின் பதினைந்து நாள்" என்று அதற்குப் பெயர். பரிசுப் போட்டி கிடையாது. சர்க்கார் அனுப்பும் படம் என்பது கிடையாது. உடுப்பு நிபந்தனை கிடையாது. ஊர் ஜனங்களுக்கும் கதவு திறந்திருந்தது. இன்றளவும் அது நடக்கிறது. "டைரக்டர்கள்" என்பது அவர்கள் பாஷையில் ஆண்பாற் சொல்லாயிருக்கிறதே என்று யோசித்து, 2023-ம் வருஷ விழா முதல் இரு பாலாருக்கும் பொருந்தும் வார்த்தையாக மாற்றியும் விட்டார்கள். பெரிய விழாவும் 1972-ல் தன் படங்களைத் தானே தேர்ந்தெடுக்கும் வழக்கத்துக்கு வந்தது.

இதனால் பலன் என்ன? ஓர் உதாரணம். பூனாவிலுள்ள சினிமாக் கலாசாலையின் தலைமைக்குச் சர்க்கார் போட்ட நியமனத்தை எதிர்த்து 2015-ல் மாணவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் பாயல் கபாடியா என்ற பெண். அவர் மாணவர் கிளர்ச்சியையும் ஜாதிக் கொடுமையையும் பற்றி எடுத்த முதல் நீண்ட படத்தை 2021-ல் கேன்ஸில் வரவேற்றது இந்தப் "பதினைந்து நாள்"தான். மூன்று வருஷம் கழித்து, 2024-ல், பெரிய விழாவின் இரண்டாவது பெரும் பரிசே அவருடைய வேறொரு படத்துக்குக் கிடைத்தது. சின்ன வாசல் திறந்திருந்தபடியால்தான் பெரிய வாசல் பின்னால் திறந்தது.

புதுக் கோயிலும் புது ஆசாரமும்

இவ்வளவு சொன்னதால் கேன்ஸை நான் புகழ்ந்து கும்பிடச் சொல்லுகிறேன் என்று நினைக்கக்கூடாது. கோயில் திருவிழாவின் கோளாறெல்லாம் அங்கேயும் உண்டு. இரவுக் காட்சிக்குச் சிவப்புக் கம்பளத்தில் ஏற வேண்டுமானால் ஆண்கள் கறுப்பு அங்கியும் கழுத்துப் பட்டையும் அணிய வேண்டும். 2015-ல் குதிகால் உயர்ந்த பாதரட்சை அணியவில்லை என்று சில பெண்களைத் தடுத்ததாக உலகமே பேசிற்று. நம் ஊரில் சட்டையைக் கழற்றினால்தான் சாமி பார்க்கலாம் என்கிறான். அங்கே சட்டைக்கு மேல் சட்டை போட்டால்தான் படம் பார்க்கலாம் என்கிறான். (பெருஞ் சிரிப்பு). இரண்டும் ஆசாரமே.

பெண்கள் சங்கதியைப் பாருங்கள். 2018-ல் 82 பெண்கள் அந்தப் படிக்கட்டில் நின்று கண்டனம் செய்தார்கள். 82 எதற்கு? 1946 முதல் அதுவரை போட்டிக்கு வந்த படங்களில் பெண்கள் எடுத்தவை அவ்வளவே. ஆண்கள் எடுத்தவையோ 1,600-க்கு மேல். முதற் பரிசை ஒரு பெண் முதன்முதல் பெற்றது 1993-ல், அதுவும் இன்னொருவரோடு பங்காக. அடுத்த பெண்ணுக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாகரிக தேசம் என்று பேர் பெற்ற இடத்திலேயே இப்படியானால், நம் வாசகசாலைக் கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லாததைப் பற்றி நான் என்ன சொல்ல! (தாய்மார்கள் பகுதியில் கைதட்டல்).

நம் பக்கத்துக் கடற்கரைகள்

"தனவந்தர் வேண்டாம், சர்க்காரே நடத்தினால் தொல்லையில்லையே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். திருவனந்தபுரத்தில் கேரள சர்க்காரைச் சேர்ந்த அகாதமி குறும்படங்களுக்கும் செய்திப் படங்களுக்கும் ஒரு விழா நடத்துகிறது. 2019-ல் ஆனந்த் பட்வர்தன் எடுத்த "விவேக்" என்ற படம் அங்கே காட்டப்பட இருந்தது. விவேக் என்றால் பகுத்தறிவு. 2013-ல் சுட்டுக் கொல்லப்பட்ட நரேந்திர தபோல்கர், 2015-ல் சுட்டுக் கொல்லப்பட்ட கோவிந்த் பன்சாரே முதலிய நம்மைப் போன்ற பகுத்தறிவுக்காரர்களைப் பற்றிய படம். டில்லி சர்க்காரின் இலாகா அனுமதி தர மறுத்தது. ஹைக்கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கிய பிறகே படம் காட்டப்பட்டது. ராஜ்ய சர்க்காரே நடத்தும் விழாவுக்கு இந்தக் கதி என்றால், சர்க்கார் பணம் வந்தால் பயமில்லை என்பது எப்படிப் பொருந்தும்?

அப்படியானால் யார் பணத்தில் நடத்துவது? இதற்கும் பதில் பக்கத்துக் கடற்கரையிலேயே இருக்கிறது. ஜான் ஆபிரகாம் என்ற டைரக்டரை உங்களில் பலர் அறிவீர்கள். 1977-ல் தமிழில் "அக்ரகாரத்தில் கழுதை" என்ற படத்தை எடுத்தவர். கழுதையைக் கொல்லவும், கொன்ற பிறகு அதையே தெய்வமாக்கவும் மூட நம்பிக்கைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று காட்டிய படம். தேசீயப் பரிசு பெற்ற அந்தப் படத்தை 1989-ல் தூரதர்ஷனில் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, எதிர்ப்பு வந்தவுடன் காட்டாமல் விட்டார்கள். அந்த ஜான், கோழிக்கோட்டில் 1984-ல் தோழர்கள் சிலரோடு "ஒடேஸா" என்ற கூட்டத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ச் சாப்ளின் படம் முதலியவற்றைக் காட்டினார்கள். பார்த்தவர்களிடம் இயன்றதை வாங்கினார்கள். அந்தச் சில்லறைக் காசைச் சேர்த்து 1986-ல் "அம்ம அறியான்" என்ற முழுப் படத்தையே எடுத்துவிட்டார்கள். முதலாளி கிடையாது. கோப்பை கிடையாது. ஜனங்கள் கொடுத்தார்கள், ஜனங்கள் பார்த்தார்கள். ஒரு முழுப் படத்துக்கே ஜனங்களின் காசு போதுமென்றால், மூன்று இரவுக்குத் துணி கட்டவா போதாது?

முன்பணமும் விலையும்

"தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். ஐயா, தானமானால் பார்க்க வேண்டாம். இது தானமா? உங்கள் தொழிலில் இருக்கிற சங்கதியையே சொல்லுகிறேன். வலை வாங்க, எஞ்சின் வாங்க வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறீர்கள். வட்டி வேண்டாம் என்கிறார். எவ்வளவு நல்லவர் என்று நினைக்கிறோம். பிறகு நீங்கள் பிடித்த மீனை வேறு யாருக்கும் விற்க முடியாது. அவர் சொன்னதுதான் விலை. கடல் உங்களுடையது, உயிரைப் பணயம் வைத்தது நீங்கள், விலை வைப்பது அவர். முன்பணம் வாங்கிய வள்ளம் கரைக்கு வருமுன்பே மீன் விற்றாகிவிட்டது. முன்பணம் வாங்கிய விழாவிலும் அப்படியே, படம் ஓடுமுன்பே புத்தி விற்றாகிவிடும்.

ஆகவே என் அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லுகிறேன். அந்தப் பணத்தை வாங்கக்கூடாது. அவர்மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. நிபந்தனையை எடுத்துவிட்டு, மற்றவர்களைப் போல அவரும் ஒரு தொகை கொடுத்து, மற்றவர்களோடு மணலில் உட்கார்ந்து பார்க்கட்டும். அந்தக் கோயில் படத்தையும் பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் எழுந்து நின்று ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். அதற்குப் பதில் சொல்ல நமக்கு வாய் இருக்கிறது.

செய்ய வேண்டியது

வாலிபர்களுக்கு நான் சொல்லுவது இவ்வளவே. வீட்டுக்கு வீடு போங்கள். பத்து ரூபாய் கொடுத்தாலும் வாங்கி, பெயரையும் தொகையையும் வாசகசாலைப் பலகையில் எழுதுங்கள். செலவையும் அதே பலகையில் எழுதுங்கள். படத்தைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் பாதிப்பேர் பெண்களாயிருக்கட்டும். மீன் கூடை சுமக்கிற தாய்மாருக்குப் படம் பார்க்கத் தெரியும், நல்லது கெட்டதும் தெரியும். எல்லா ஜாதித் தெருவிலிருந்தும் ஆள் இருக்கட்டும். முன்வரிசை நாற்காலி என்று ஒன்று போடாதீர்கள். மணல் எல்லோருக்கும் ஒன்றே. குத்துவிளக்கு, பூசணிக்காய், நல்ல நேரம் ஒன்றும் வேண்டாம். விசையைத் தட்டினால் விளக்கு எரியும். படம் எடுத்தவர்களிடம் அனுமதி வாங்குங்கள், ஊரான் உழைப்பை ஓசியில் காட்டாதீர்கள். சட்டப்படி வேண்டிய சர்டிபிகேட், அனுமதி ஆகியவற்றை முன்கூட்டியே கேளுங்கள். மறுத்தால் ஏன் மறுத்தார்கள் என்பதை ஊரறியச் சொல்லுங்கள். பரிசு கொடுக்கவே வேண்டாம். ஒவ்வொரு படம் முடிந்ததும் அரைமணி நேரம் விளக்கைப் போட்டு ஜனங்களைப் பேச விடுங்கள். அதுதான் பரிசு.

மூன்று நாளுக்குப் பணம் சேராவிட்டால் ஒரே நாள் நடத்துங்கள். ஒரே நாளுக்கும் சேராவிட்டால் ஒரே படம் காட்டுங்கள். அந்த ஒரே படம், வேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்தப் படமாகவே இருக்கட்டும். (நீடித்த கைதட்டல்).

 நான் சொன்னேன் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள், படாவிட்டால் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.